கஞ்சா வழக்கில் பத்தாண்டுத் தண்டனை: மேல்முறையீட்டில் எதைப் பேச முடியும்?

காவிரிக்கரைச் சித்தப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகனுக்குக் கஞ்சா கடத்தி விற்க முயன்றதாகப் போடப்பட்ட வழக்கில் பத்தாண்டுக் கடுங்காவல் தண்டனையும் 1 லட்ச ரூபாய் அபராதமும், அபராதம் கட்டத் தவறினால் மேலும் ஓராண்டும் விதித்துச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நாங்கள் பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பையனுக்கு வயது இருபத்தாறு. சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்து வாழைத்தார் ஏற்றி இறக்கிப் பிழைத்து வந்தான். 2023 மார்ச் மாதத்தில் ஜெயங்கொண்டத்தில் தார்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது, தெரிந்தவர் ஒருவர் மாட்டுத் தீவனம் என்று சொல்லி இரண்டு மூட்டைகளை ஏற்றிவிட்டார் என்பது அவன் எங்களிடம் சொல்வது. அணைக்கரைப் பாலத்தைத் தாண்டியதும் விடியற்காலை நாலரை மணிக்கு வண்டியை மறித்துப் பிடித்திருக்கிறார்கள். ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியாகி, அன்றிலிருந்து இன்றுவரை உள்ளேதான் இருக்கிறான்; இப்போது திருச்சி மத்திய சிறையில்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு என்கிறார் ஒருவர், தொண்ணூறு நாள் என்கிறார் மற்றொருவர். நேராக டெல்லிக்கே போய்விடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் அறிமுகமான ஒரு நபர், மூன்று லட்சம் கொடுத்தால் ஆறே மாதத்தில் வெளியே கொண்டுவந்து விடுவதாகக் கையடித்துச் சொல்கிறார். வீட்டில் அண்ணி படுத்த படுக்கையாகிவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பழைய குமாஸ்தா:

ஐயா, முதலில் அந்த மூன்று லட்சத்துக்காரரை விட்டு விலகுங்கள். முப்பத்தொரு வருடம் கும்பகோணத்தில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேதி குறித்து விடுதலை வாங்கித் தருவதாகச் சொல்பவர் எவரும் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

கெடு அறுபது நாள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் குற்றவியல் மேல்முறையீட்டுக்கு அறுபது நாளும், மற்ற நீதிமன்றங்களுக்குப் போவதற்கு முப்பது நாளும் என்று இருக்கிறது. உங்களிடம் முப்பது என்று சொன்னவர் இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டும். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது கைக்கு வர எடுத்துக்கொண்ட நாட்கள் இந்த அறுபதில் சேராது. அதற்கும் மேல் தாமதமானால் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம் என்றாலும், இருபத்திரண்டாம் நாளிலேயே விழித்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலைக் கட்டணமின்றிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதைக் கொடுத்தார்களா, பையன் அதைச் சிறையில் எங்கே வைத்திருக்கிறான் என்று அடுத்த நேர்காணலில் கேளுங்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் போதாது. சாட்சிகளின் வாக்குமூலம், குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள், குற்றவாளிக் கூண்டில் கேட்ட கேள்விகளும் பதில்களும் என அனைத்துக்கும் நகல் மனுப் போடுங்கள்.

டெல்லிக்கு நேராகப் போக வழியில்லை. சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு, இந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 36பி பிரிவுப்படி, அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் போலவே உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374(2) என்று இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 415(2) என்று இருக்கிறது. நீங்கள் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை.

மண்ணியாறு:

குமாஸ்தா ஐயா கடைசி வரியில் சொன்னதை எங்கள் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். நான் மயிலாடுதுறை. கும்பகோணத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆனால் மேல்முறையீட்டு விஷயத்தில் இரண்டு ஊருக்கும் இரு வேறு திசை. 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை தொடங்கியபோது டெல்டாவில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகியவை அங்கே போயின; நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னையிலேயே நின்றன. பின்னர் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் அப்படியே சென்னைதான். எங்கள் தெருக்காரர் ஒருவர், மகன் வழக்குக்காக மதுரைக்குப் போய் இரண்டு நாள் விடுதியில் தங்கி, வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் கட்டத்தில்தான் இடம் மாறி வந்ததைத் தெரிந்துகொண்டு திரும்பினார்.

பள்ளிக்கூடத்துத் திண்ணை:

நான் எழுதப் போவது சிலருக்குக் கசக்கலாம். நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு பையன், இன்று தாயையே அடிக்கும் நிலையில் இருக்கிறான், காரணம் பொட்டலம். சிறிய பொட்டலங்களாக விற்கப்படுவது எல்லாம் ஏதோ ஒரு மூட்டையிலிருந்துதான் வருகிறது. மூட்டையோடு பிடிபட்டவருக்கு எந்த ஓட்டை வழியாக வெளியே வரலாம் என்று இங்கே ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுப்பதைப் படிக்கும்போது, அந்தத் தாய்க்கு யார் மேல்முறையீடு செய்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வெண்ணாற்றங்கரை:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு பக்கத்திலும் நின்றவள் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன். என் தம்பி நாலு கிலோவோடு பிடிபட்டவன். குற்றம் செய்தவன்தான், நான் அதை மறைக்கவில்லை. அவனுக்கு ஐந்தாண்டு கொடுத்தார்கள். சென்னையில் மேல்முறையீடு போட்டோம். குற்றம் உறுதியானது, ஆனால் அவன் அதுவரை சிறையில் கழித்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள். வணிக அளவுக்கு, அதாவது கஞ்சாவுக்கு இருபது கிலோ என்ற கோட்டுக்கு, கீழே இருந்ததால்தான் அது முடிந்தது. இந்த அண்ணன் மகன் வழக்கில் பத்தாண்டு என்பது சட்டம் போட்ட தரைமட்டம். குற்றம் உறுதியானால் எந்த நீதிபதியும், எவ்வளவு இரக்கம் இருந்தாலும், அதற்குக் கீழே இறங்க முடியாது. அப்படிப்பட்ட சட்டத்தில் பிடித்தவர்கள் சட்டப்படிதான் பிடித்தார்களா என்று கேட்பதை ஓட்டை தேடுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு விதிகளையும் கவனமாகப் பின்பற்ற வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: மூட்டையை ஏற்றிவிட்ட அந்த ஆள் இந்த வழக்கில் எங்கே? உங்கள் மாணவனுக்குப் பொட்டலம் வந்தது அவரிடமிருந்தாக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்துத் திண்ணை:

கடைசிக் கேள்வி என்னையும் யோசிக்க வைக்கிறது. தொடர்ந்து படிக்கிறேன்.

கறுப்பங்கி:

நான் வழக்கறிஞர், மதுரையில் இத்தகைய மேல்முறையீடுகளில் ஆஜராகியிருக்கிறேன். கட்டைப் பார்க்காமல் இந்த வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது. பொதுவாக எது நிற்கும், எது நிற்காது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மேல்முறையீடு என்பது வழக்கை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவது அன்று. புதிய சாட்சியைக் கூட்டிவந்து நிறுத்தி, பையன் நல்லவன் என்று சொல்ல வைப்பதற்கு அங்கே இடமில்லை. மிக அரிதாகக் கூடுதல் சாட்சியத்துக்கு அனுமதி உண்டென்றாலும் அதை நம்பி வழக்கைக் கட்ட முடியாது. விசாரணை நீதிமன்றத்தில் காகிதத்தில் ஏறியது எதுவோ அதுதான் கையிருப்பு. ஆகவே குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை மதுரையில் போய்க் கேட்க முடியாது. கேட்டுப் பெற்ற பதிலைத் தீர்ப்பில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அதைத்தான் அங்கே எடுத்துக் காட்ட முடியும்.

வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது 50-ஆம் பிரிவு: அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனையிடப்படும் உரிமையை எடுத்துச் சொல்லவில்லை என்பார்கள். அந்த உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது உடலைச் சோதிப்பதற்கு. பையும் மூட்டையும் உடலாகாது என்று 2005-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியில் இருந்த மூட்டைக்கு 50-ஐப் பிடித்துக்கொண்டு நின்றால் முதல் பத்து நிமிடம் வீணாகும். அதேபோல, வழக்குப் பதிந்தவரே புலனாய்வும் செய்தார் என்ற வாதம் 2018-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட காலத்தில் பலமாக இருந்தது. 2020 ஆகஸ்டில் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனால் மட்டும் வழக்கு கெடாது என்று தீர்த்தது. ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டித்திருந்தால் அது நிற்காது. தமிழ்நாட்டிலிருந்து போன தோபான் சிங் வழக்கில், 67-ஆம் பிரிவின்கீழ் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் அந்தக் கதிதான் என்று 2020 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

நிற்கக்கூடியவை வேறு. முன்கூட்டியே தகவல் வந்து பிடித்தார்களா, தற்செயல் சோதனையா? தகவல் வந்தது என்றால், 42-ஆம் பிரிவுப்படி அதை எழுதி, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். தாமதத்துக்கு விளக்கம் கொடுத்துத் தப்பலாம், அடியோடு செய்யாமல் விட்டால் தப்ப முடியாது என்பது 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. பொது இடம், ஆகவே 43-ஆம் பிரிவுதான் பொருந்தும், 42 தேவையில்லை என்று அரசுத் தரப்பு சொல்லும். அங்கேதான் வண்டியின் பதிவுச் சான்றைப் பார்க்க வேண்டும். சாலையில் நின்ற தனியார் வண்டியைப் பொதுப் போக்குவரத்து வாகனமாகக் கொள்ள முடியாது, ஆகவே 42-தான் பொருந்தும் என்று 2021-இல் பூட்டா சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. உங்களுடையது வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி என்பதால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். வாதத்துக்கு இடம் உண்டு.

அடுத்தது 52ஏ. கைப்பற்றிய பொருளை நடுவர் முன் பட்டியலிட்டு, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, அவரிடம் சான்று வாங்க வேண்டும். 2022 டிசம்பரில் வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. உங்கள் வழக்கு 2023 மார்ச் என்பதால், சாலையோரத்திலேயே மாதிரி எடுத்திருந்தால் அதைக் கேட்கலாம். 2023 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், 52ஏ பின்பற்றப்படாததால் உச்ச நீதிமன்றம் விடுதலையே கொடுத்தது. ஆனால் 2025 ஜனவரியில் பரத் ஆம்பலே வழக்கில் அதே நீதிமன்றம், மற்றச் சாட்சியங்கள் நம்பகமாக இருந்தால் 52ஏ குறைபாடு ஒன்றினால் மட்டும் வழக்கு விழாது என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டாவது தீர்ப்பைச் சொல்லாமல் முதல் தீர்ப்பை மட்டும் உங்களுக்குக் காட்டும் வழக்கறிஞரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய குமாஸ்தா:

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேல்முறையீட்டோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைக்கவும் மனுப் போடுவார்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் 389, இப்போதையதில் 430. போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ அதைத் தடுக்கிறது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். தாது வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே, நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறிக்கும் அளவுக்கு 32ஏ செல்லாது என்று ஆகிவிட்டது. இருந்தாலும் வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவின் இரட்டைப் பூட்டு உண்டு: குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே போனால் மறுபடி செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் கருத வேண்டும். ஆகையால் முதல் மனு தள்ளுபடியானால் மனம் உடைந்துவிட வேண்டாம். காலம் கழிந்தும் மேல்முறையீடு விசாரணைக்கு வராதபோது இரண்டாவது, மூன்றாவது மனுவில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காசு இல்லை என்றால் சிறையிலிருந்தே சிறை அதிகாரி மூலமாக மேல்முறையீடு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு மதுரையிலும் உண்டு. இலவச வழக்கறிஞர் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் வேண்டாம். மூன்று லட்சம் வாங்கியவர் ஏனோதானோ என்று இருந்ததை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காவிரிக்கரைச் சித்தப்பா:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐந்து நாளாக எழுதவில்லை. நகல்கள் ஒரு பகுதி கைக்கு வந்தன, ஊரில் பதினெட்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற துணிவில் நானே உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தவற்றை எழுதுகிறேன்.

ரகசியத் தகவல் அதிகாலை 2:15-க்கு வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதை மேலதிகாரிக்கு அனுப்பியதாக ஒரு சான்றாவணம் இருக்கிறது. அதில் மேலதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, தேதியும் நேரமும் இல்லை. வண்டி பையன் பெயரில் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்கிறது. மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில், கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவர் பிறழ் சாட்சியாகிவிட்டார், மற்றவர் கிராம நிர்வாக அலுவலர், அவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.

எடைதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. மகஜரில் முதல் மூட்டை 10 கிலோ 500 கிராம், இரண்டாவது 10 கிலோ 400 கிராம், மொத்தம் 20 கிலோ 900 கிராம் என்று இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஐம்பது கிராம் வீதம் இரண்டிரண்டு மாதிரி அங்கேயே எடுத்திருக்கிறார்கள். ஆக 200 கிராம். மீதம் 20 கிலோ 700 கிராம் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து நடுவர் முன் பட்டியல் எடுத்தபோது 19 கிலோ 450 கிராம் என்று இருக்கிறது. ஒன்றேகால் கிலோ எங்கே போயிற்று? காய்ந்ததால் எடை குறைந்தது என்று புலன் விசாரணை அதிகாரி சொன்னதை ஏற்றுக்கொண்டு, தீர்ப்பு ஒரே வரியில் முடித்துவிட்டது.

குறுவைக் களம்:

நான் சட்டம் படித்தவன் இல்லை, விவசாயி. ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமான கணக்கு. நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்ற எவரைக் கேட்டாலும் சொல்வார்: சாக்கோடு எடை போடுவது வேறு, சாக்கைக் கழித்து எடை போடுவது வேறு. ஒரு சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் வரும். இரண்டு சாக்கு, உள்ளே பாலித்தீன் சுற்று, அதன்மேல் ஒட்டுநாடா என்று பார்த்தால் உங்கள் ஒன்றேகால் கிலோ அங்கேயே இருக்கிறதே. சாலையோரத்தில் எடை போட்டபோது சாக்கோடு போட்டு, நடுவர் முன்னால் பிரித்துக் கொட்டி எடை போட்டிருந்தால் இரண்டு எண்ணும் பொருந்திவிடும். இருபது கிலோ என்பதுதான் கோடு என்று மேலே படித்தேன். சாக்கைக் கழித்தால் நீங்கள் கோட்டுக்குக் கீழே.

பழைய குமாஸ்தா:

விவசாயி ஐயா அழகாகப் பிடித்தார். ஆனால் எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச்சில் பிடித்து மே மாதத்தில் பட்டியல் எடுத்திருக்கிறார்கள்; நம் ஊர் வெயிலில் இலையும் காம்பும் கலந்த சரக்கு ஒரு கிலோ காய்ந்து போவது நடக்காத காரியம் இல்லை. பச்சையாக இருந்ததா, காய்ந்ததாக இருந்ததா என்று மகஜரில் என்ன எழுதியிருக்கிறது? ‘காய்ந்த நிலையில்’ என்று அவர்களே எழுதியிருந்தால், காய்ந்ததைப் பற்றிப் பின்னால் அவர்கள் பேசுவதற்கு இடம் குறையும்.

மற்றொன்று என் மனத்தை உறுத்துகிறது. சாட்சியம் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார். 313 கேள்வி என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம், இப்போது எண் 351. பையன் அதற்கு என்ன சொன்னான்? தீவனம் என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள் என்று அன்று சொன்னானா?

காவிரிக்கரைச் சித்தப்பா:

பதினான்கு கேள்விக்கும் ‘பொய்’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. தீவனத்தைப் பற்றி எதுவும் இல்லை.

பழைய குமாஸ்தா:

நினைத்தேன். எத்தனை கட்டுகளில் இந்த ஒரே சொல்லைப் பார்த்திருக்கிறேன்! எதைச் சொன்னாலும் ஆபத்து, பொய் என்று மட்டும் சொல்லிவிட்டு வா என்று கூண்டில் ஏறுமுன் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

கறுப்பங்கி:

இரண்டையும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தெரியாமல் ஏற்றினான் என்ற வாதத்தை முதன்மையாக வைக்க நான் துணிய மாட்டேன். பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுவிவிட்டால், அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்று 35, 54 ஆகிய பிரிவுகளின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிறைவேற்றக் கிடைத்த வாய்ப்பில் ‘பொய்’ என்று மட்டும் பதிவாகியிருக்கிறது. அதற்காக அந்த வாதத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வண்டிக்காரர் ஏற்றுக்கூலிக்கு வந்தவர் என்பது சாட்சியத்தில் எங்காவது இருந்தால் பின்வரிசையில் வைக்கலாம்.

எடை வேறு வகை. வணிக அளவு என்பது கஞ்சாவுக்கு 20 கிலோவுக்கு மேல். ஒரு கிலோவுக்கு மேல், வணிக அளவுக்குக் கீழ் இருந்தால் 20(பி)(ii)-இன் ‘பி’ பகுதி பொருந்தும். அங்கே உச்சவரம்பு பத்தாண்டு, குறைந்தபட்சம் எதுவும் இல்லை. குற்றம் உறுதியானாலும் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்குக் கை திறந்துவிடும். அதைவிட அவசரமானது, 37-ஆம் பிரிவின் இரட்டைப் பூட்டு வணிக அளவுக்கு உரியது. அளவு ஐயத்துக்கு உரியது என்று தொடக்கத்திலேயே காட்டினால் தண்டனை நிறுத்திவைப்பு மனுவுக்கே அது உதவும். நடுவர் சான்றளித்த பட்டியலை முதன்மைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டும் என்று 52ஏ(4) சொல்கிறது. அரசுத் தரப்பே முன்வைத்த அந்தப் பட்டியலில் 19.450 என்று இருக்கிறது. மாதிரி 200 கிராமைச் சேர்த்தாலும் 19.650.

இலையையும் விதையையும் கழிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், அதை நம்பி ஏமாற வேண்டாம். பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதிதான் கஞ்சா என்று 2-ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் நுனிப்பகுதி உடன் இல்லாதபோதுதான் இலையும் விதையும் விலக்கப்படுகின்றன. சாக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, சாக்கு எந்த வரையறையிலும் கஞ்சா ஆகாது.

ஒரு வேண்டுகோள். பதினைந்து காரணங்களை அடுக்கி மேல்முறையீட்டு மனு எழுதச் சொல்லாதீர்கள். எடை முதலில், தேதியில்லாத 42 ஆவணம் இரண்டாவது, சாலையோர மாதிரி மூன்றாவது. பலவீனமான பன்னிரண்டு காரணங்களுக்கு நடுவே நல்ல மூன்றும் கண்ணில் படாமல் போகும்.

மண்ணியாறு:

ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஒருவர் கஞ்சா வழக்கில் குண்டர் சட்டத்தில் போய், மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டார். இவரையும் அப்படிக் கொண்டுவர முடியாதா?

கறுப்பங்கி:

அது வேறு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டப்படி வைப்பது தடுப்புக்காவல். அதற்கு அறிவுரைக் கழகமும் ஆட்கொணர்வு மனுவும் உண்டு. இவருக்குக் கிடைத்திருப்பது விசாரணைக்குப் பின் வந்த தண்டனை. அந்த வழி இங்கே திறக்காது.

பள்ளிக்கூடத்துத் திண்ணை:

இரண்டு நாளாகத் தொடர்ந்து படித்ததில் ஒன்று தெரிகிறது: எடையைச் சரியாகப் போட்டு, நேரத்தைச் சரியாக எழுதியிருந்தால் இந்த விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது. என் கோபத்தில் பாதி இப்போது அந்த மகஜரை எழுதியவர் பக்கம் திரும்பியிருக்கிறது. மற்றப் பாதி அப்படியே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சித்தப்பா ஐயா, பையன் வெளியே வந்தால் மூட்டையை ஏற்றியவர் பெயரைச் சொல்வானா?

காவிரிக்கரைச் சித்தப்பா:

அம்மா, நேற்று திருச்சிக்குப் போய் அவனைப் பார்த்தேன். உங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பயப்படுகிறான் என்று மட்டும் புரிந்தது. இதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நகல்களில் மீதமும் வந்துவிட்டன. குமாஸ்தா ஐயா கேட்டபடி மகஜரைப் பார்த்தேன்: ‘காய்ந்த நிலையில் இலை, காம்பு, பூ, விதையுடன்’ என்றே எழுதியிருக்கிறது. பிறகு அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சியான கிராம நிர்வாக அலுவலரின் குறுக்கு விசாரணையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், வேறு எதற்கோ கேட்ட கேள்விக்கு நடுவில், இப்படி ஒரு வரி இருக்கிறது: மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே தராசில் வைத்து எடை போட்டோம் என்றால் சரிதான். தீர்ப்பில் எங்கே தேடியும் இந்த வரி இல்லை. நாற்பத்தோரு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன்.

இன்று முப்பத்தோராவது நாள். சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பம் எழுதி, பையனிடம் வக்காலத்தில் சிறை அதிகாரி சான்றோடு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பேருந்தில் மதுரைக்குப் போகிறேன். அந்த மூன்றாம் பக்கத்தில் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கூடவே நம் விவசாயி ஐயா சொன்னபடி இரண்டு வெறும் சாக்கைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1 கிலோ 160 கிராம் காட்டியது. அது நீதிமன்றத்தில் செல்லாது என்று தெரியும். வழக்கறிஞரிடம் வாய்மொழியாகவாவது சொல்லலாமா, கறுப்பங்கி ஐயா?

கறுப்பங்கி:

சொல்லுங்கள். சாக்கை மட்டும் கொண்டு போக வேண்டாம்.